பத்தொன்பதாவது வளைவு

சுகந்தி கார் சாவியை என் உள்ளங்கையில் வைத்தபோது அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன, என்னுடையவை அதைவிட. பதினோரு வருடமாக நான் எந்த வண்டிச் சாவியையும் தொட்டதில்லை, மொபெட் சாவிகூட இல்லை, மனைவி மரகதம் கடைக்குப் போய்வரச் சொன்னால் நடந்து போவேன், மழை வந்தால் நனைவேன். அது மகளுக்குத் தெரியும். தெரிந்தும் நீட்டுகிறாள் என்றால் வேறு வழியில்லை என்று அர்த்தம். பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில், ஜூலை வெயிலில், வண்டி நிறுத்துமிடத்து ஓரத்தில் அழுக்குப் பனி இன்னும் கரையாமல் கிடந்தது, அதன் பக்கத்தில் குனிந்து அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். காலையில் அவள் குடியிருக்கும் டென்வரிலிருந்து கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தாள். மாப்பிள்ளைக்கு வேலை, மரகதத்துக்கு முதுகுவலி, நாம ரெண்டு பேரும் போலாம்ப்பா, மலைன்னா உங்களுக்குப் பிடிக்குமே என்று கூட்டி வந்தாள். மலை எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது. பிடித்திருந்த காலம் ஒன்று உண்டு, அவள் சின்னப்பெண்ணாக இருந்தபோது. அந்த மலை தேசியப் பூங்காவாம், அதன் சீருடை போட்ட ஒரு பெண் ஓடிவந்து அவள் கண்ணை இழுத்துப் பார்த்தாள், தண்ணீர் கொடுத்தாள், ஏதோ கேட்டாள், இவள் தலையைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னாள். "உயரம் ஒத்துக்கலையாம்ப்பா. உடனே கீழ இறங்கணும், அதுதான் மருந்தாம். யார் ஓட்டுவாங்கன்னு கேக்கறாங்க." நான் கீழே கிடந்த அழுக்குப் பனியைப் பார்த்தேன். "எங்கப்பா ஊர்ல மலைப்பாதையில பஸ் ஓட்டுனவருன்னு சொல்லிட்டேன்" என்றாள். அந்தச் சீருடைக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள், அதில் மரியாதை இருந்தது. அந்தப் பார்வையை நான் பதினோரு வருடமாக யாரிடமும் வாங்கியதில்லை, வாங்கக்கூடாது என்று ஒதுங்கியே இருந்தேன், கடல் தாண்டி வந்து வாங்கிவிட்டேன்.

உட்கார்ந்ததுமே எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறிக் கிடந்தது. ஸ்டீயரிங் இடது பக்கம், போகவேண்டியது ரோட்டின் வலது பக்கம், இடது கால் இல்லாத கிளட்ச்சைத் தேடித் தரையை மிதித்தது. உங்களோட லைசென்ஸையும் இன்டர்நேஷனல் பர்மிட்டையும் எடுத்துட்டு வாங்க, எதுக்கும் இருக்கட்டும் என்று ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் போனில் நச்சரித்தாள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் போட்டோவுக்கு உட்கார்ந்தபோதே எனக்கு வேர்த்தது. இது ஒரு நாள் வரும் என்று அவள் நினைத்தாளா, வரவேண்டும் என்று நினைத்தாளா. "டி-யில போடுங்கப்பா. அவ்வளவுதான். தானே போகும்." சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. முன்னால் ஒட்டி வைத்திருந்த அவள் போனிலிருந்து அந்தப் பெண் குரல் பேச ஆரம்பித்தது, காலையிலிருந்து எங்கள் கூடவே வரும் குரல். காசு கட்டி போனில் இறக்கிக்கொண்டால் போதுமாம், வண்டி எந்த இடத்துக்கு வருகிறதோ அது தானாகவே தெரிந்துகொண்டு அந்த இடத்தின் கதையைச் சொல்லும், வழிகாட்டி ஆள் யாரும் தேவையில்லை. ஏறும்போது சுகந்தி ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள், இந்தக் குளிரில் ஒரு செடி விரலளவு வளரவே பல வருஷம் ஆகும், அதனால் மிதிக்காதீர்கள் என்கிறாள், பாறை இடுக்கில் எலி மாதிரி ஒன்று இருக்கிறது, அது குளிர்காலத்துக்காகப் புல்லை அறுத்துக் காயவைத்து வைக்குமாம் என்று. இப்போது சொல்ல ஆளில்லை. எனக்குப் பாதி புரியும். ஸ்லோ என்றாள், லோயர் கியர் என்றாள், பிரேக் என்றாள். இதை இந்தம்மா எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போகிறவன் டிரைவர் இல்லை, இன்ஜின்தான் வண்டியைப் பிடிக்கவேண்டும், கால் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். கையால் துழாவி எல்-லில் போட்டேன். வண்டி உறுமி அடங்கியது, பிடித்துக்கொண்டது. உடம்பு மறக்கவில்லை. அதுதான் முதலில் எனக்கு அருவருப்பாக இருந்தது, இந்த உடம்பு இத்தனை சுலபமாகத் திரும்பப் போய் உட்கார்ந்துகொள்கிறதே என்று.

வலது பக்கம் ரோடு முடிகிற இடத்தில் ஒன்றுமே இல்லை. தடுப்புச் சுவர் இல்லை, கம்பி இல்லை, வெள்ளைக்கோடு, ஒரு சாண் புல், அதற்கப்புறம் காற்று. அந்தப் பக்கம்தான் சுகந்தி தலையைக் கண்ணாடியில் சாய்த்துப் படுத்திருந்தாள், அவள் கன்னத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு கதவு. கீழே, வெகு கீழே, பைன் மரங்கள் கடுகு மாதிரி. எங்கள் மலையில் பள்ளம் தெரியாது, மரமும் புதரும் மூடியிருக்கும், காப்பித் தோட்டம், மிளகுக்கொடி, பலா, விழுந்தால்தான் எவ்வளவு ஆழம் என்று தெரியும். இங்கே மூடிமறைக்க எதுவும் இல்லை, மலை எலும்பைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. நாற்பத்து மூன்று வளைவு எங்களுடையது, அடிவாரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும், இறங்கும்போது நாற்பத்து மூன்றிலிருந்து குறைந்துகொண்டே வரும். இருபத்து நாலில் ஒரு டீக்கடை. இங்கே வளைவுகளுக்கு நம்பர் இல்லை. நம்பர் இல்லாததே நல்லது என்று நினைத்துக்கொண்டேன், நினைத்த மாத்திரத்தில் உள்ளே ஒருவன் எண்ண ஆரம்பித்துவிட்டான். நாற்பத்து இரண்டு. நாற்பத்து ஒன்று. வேண்டாம் என்றால் கேட்கிறானா. எதிரில் ஒரு வீட்டையே தூக்கி வைத்தமாதிரி பெரிய வண்டி வந்தது, நான் வெள்ளைக்கோட்டின் மேல் ஒதுங்கினேன், டயருக்குக் கீழே பொடிக்கல் நெரிந்தது, சுகந்தி கண்ணைத் திறக்காமலே, "நல்லா ஓட்றீங்கப்பா" என்றாள். பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன். யாருமில்லை. யாருமில்லை என்று தெரிந்துதான் பார்த்தேன். ஆனால் வண்டியில் மூன்று பேர் கனம் இருந்தது. டிரைவருக்குத் தெரியும், வண்டியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது திரும்பிப் பார்க்காமலே இடுப்பில் தெரியும்.

பஞ்சவர்ணம் டீச்சர் என் பஸ்ஸில் பின்னால் உட்காரமாட்டார். முன்வாசலை ஒட்டிய ஒற்றை சீட்தான், ஆறு வருடம் அதே சீட், காலையில் மேலே பள்ளிக்கூடத்துக்கு, சாயங்காலம் கீழே வீட்டுக்கு. மடியில் பரீட்சைப் பேப்பர் கட்டு, சிவப்புப் பேனா, வளைவில் பஸ் திரும்பும்போது பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார், நேராக வந்ததும் திருத்துவார். அன்றைக்குத் திருத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் ஜூலைதான், தூறல், மஞ்சு இறங்கியிருந்தது. மறுநாள் சென்னையில் சுகந்திக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங், ராத்திரி பஸ்ஸுக்குக் கூட்டிப்போக வேண்டும், லீவு இல்லை என்றார்கள், ரெண்டு டூட்டி சேர்த்துப் பார்த்தால் ஒரு நாள் தருகிறேன் என்றார்கள், நான்தான் சரி என்றேன். முந்தின நாள் விடிகாலையிலிருந்து ஸ்டீயரிங்கில் இருந்தேன், நடுவில் மலைமேல் பஸ்ஸுக்குள்ளேயே நாலு மணிநேரம் கொசுக்கடியில் படுத்தது தூக்கம் இல்லை. இருபத்து நாலாவது வளைவில் டீக்கடை தெரிந்ததும் டீச்சர் எழுந்து என் பக்கமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று யாருக்கும் கேட்காதபடி சொன்னார். "டிரைவரண்ணே, கண்ணு சொக்குதே உங்களுக்கு. நிறுத்தி மூஞ்சியக் கழுவுங்க. நான் கண்டக்டர்கிட்ட சொல்றேன், எனக்கு மயக்கமா இருக்குன்னு. உங்களுக்கு ஒண்ணும் வராது." எனக்குக் கெட்டபெயர் வராமல் தன் மேல் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார் அந்தம்மா. நான் என்ன சொன்னேன். "நேரமாச்சு டீச்சர், உக்காருங்க." உட்கார்ந்தார். இருபத்து மூன்று நினைவிருக்கிறது. இருபத்து இரண்டில் ஹாரன் அடித்தேன். இருபதில் ஒரு நாய் படுத்திருந்தது. பத்தொன்பது எனக்கு இல்லை. இன்றுவரை இல்லை. கண் திறந்தபோது சீட்டுகள் தலைகீழாக இருந்தன, மழை கீழேயிருந்து மேலே பெய்வதுபோல இருந்தது. டீச்சரும், பலாப்பழ மூட்டையோடு ஏறிய காளியப்பன் என்ற ஆளும். ரெண்டு பேர்தான், கடவுள் கிருபை என்று பேப்பரில் யாரோ சொல்லியிருந்தார்கள். என் கண் சொக்கியதைப் பார்த்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளை நான் கொன்றுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோது சங்கத்துக்காரன் தனபால் வந்து காதில் குனிந்தான். "அண்ணே, விசாரணைக்கு வருவாங்க. பிரேக்கு கேக்கலைன்னு சொல்லிருங்க. வண்டி அறுபதடி உருண்டு நொறுங்கிக் கெடக்கு, யாரும் கண்டுபிடிக்க முடியாது. பழைய வண்டி, எல்லாரும் நம்புவாங்க." சரி என்றேன். எழுதி வாங்கினார்கள், கையெழுத்துப் போட்டேன், கட்டுப்போட்ட கை, கோணலாக விழுந்தது. பிரேக் என்பது இரும்பு, இரும்பின் மேல் பழிபோட்டால் அதற்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேனா, அல்லது அந்த இரும்புக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்தேதான் போட்டேனா. ஒரு காசு மாதிரி இதையே சுண்டிச் சுண்டிப் பார்க்கிறேன், ஒரு நாள் தெரியாது என்று விழும், ஒரு நாள் தெரியும் என்று விழும். அன்று காலை பிரேக் பார்த்து, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு வண்டியை வெளியே விட்ட மெக்கானிக் சூசைராஜ். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நாலாம் நாள் சாத்துக்குடிப் பையோடு வந்தான், கட்டில் பக்கத்தில் நின்றான், உட்காரவில்லை. என்மேல் கோபப்பட வந்திருப்பான் என்று பயந்தேன். "அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லுண்ணே. பெடல் அப்படியே கீழ போயிருச்சா, இல்ல கல்லு மாதிரி இறுகிக்கிச்சா? நான் எங்க வுட்டேன்னு எனக்குத் தெரியணும்ணே." என்னை நம்பினான். தன்னைவிடவும் என்னை நம்பினான். "கீழ போயிருச்சு" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே நின்றான். "அப்ப ஆயில் பைப்புதான். நான் கையால தடவிப் பாத்தனேண்ணே. ரெண்டு உசுர எடுத்துட்டனே." அவன் வேலை போனது அதற்கப்புறம் ஆறு மாசத்தில். என்னிடம் பஸ்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள், குற்றமற்றவன் என்று. நான் டைம்கீப்பர் மேஜை கேட்டு வாங்கிக்கொண்டேன். பாவம், மனுஷன் மனசு உடைஞ்சு போயிட்டாரு என்று ஊரே சொன்னது. சூசை மனசு உடைந்ததை யாரும் சொல்லவில்லை, அவனுக்கு அது தண்டனை என்று விட்டுவிட்டார்கள். வேலை போனதுகூடப் பெரிதில்லை. அவன் இன்னும் எங்கேயோ உட்கார்ந்து அந்த ஆயில் பைப்பைத் தடவிக்கொண்டிருப்பான், எந்த இடத்தில் கசிந்தது, எந்த இடத்தில் விரல் தவறியது என்று. கசியாத பைப்பில் கசிவைத் தேடுகிறவனுக்கு அது என்றைக்குக் கிடைக்கும், என்றைக்கு அவன் தேடுவதை

மஞ்சள். மஞ்சளாக ஒரு போர்டு, நேர் எதிரே, அதில் கறுப்பாக வளைந்த அம்பு, அதற்குப் பின்னால் வெறும் ஆகாயம். கால் பிரேக்கை அழுத்தியது, நான் அழுத்தவில்லை, கால் அழுத்தியது. டயர் கீச்சிட்டது, சுகந்தி பெல்ட்டில் முன்னால் எகிறி விழித்தாள், பின்னால் வந்த கார் நீளமாக ஹாரன் அடித்து விலகிப் போனது. வண்டி வளைவுக்குள் திரும்பிவிட்டது, கோட்டுக்குள்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் இருந்த ரோடு எங்கே. சுற்றிலும் மரங்கள் வந்திருந்தன. மரமே இல்லாத மொட்டை மலையில்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், பைன் மரங்கள் கீழே கடுகு மாதிரி இருந்தன, இப்போது என் தலைக்கு மேலே நிற்கின்றன. நடுவில் எத்தனை வளைவு, எத்தனை மைல். எதுவும் என்னிடம் இல்லை. கண் திறந்துதான் இருந்தது. போன் குரல்கூட நடுவில் ஏதேதோ பேசியிருக்கவேண்டும், ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடியும் தூங்கியிருக்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டே, என் பெண்ணைப் பள்ளத்துப் பக்கம் உட்காரவைத்துக்கொண்டு. வலது பக்கம் வண்டி ஒதுக்குவதற்கு மண்தரையாக ஒரு இடம் தெரிந்தது, உள்ளே விட்டு நிறுத்தினேன், இன்ஜினை அணைத்தேன், கைப்பிரேக் எங்கே என்று தெரியாமல் கீழே மேலே தடவினேன், சுகந்தி ஒரு பட்டனை அமுக்கினாள்.

"என்னாச்சுப்பா? மான் எதாச்சும் குறுக்க வந்துச்சா?" அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது, கீழே இறங்க இறங்கத் தேறிவிட்டாள், அந்தச் சீருடைக்காரி சொன்னது சரிதான். மான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. இந்த ஊரில் மான் உண்டு, போனில்கூட அதைப்பற்றிச் சொன்னார்கள், அழகாக நம்புவாள். என் வாழ்க்கையே அப்படி ஒரு வாக்கியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, யாரும் கேட்காத, எல்லாரும் நம்புகிற ஒரு வாக்கியம். "மான் இல்ல கண்ணு" என்றேன். "நான் ரோட்டப் பாக்கல. கொஞ்ச தூரமா பாக்கவே இல்ல." "பரவால்லப்பா, உங்களுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, நான்தான் உங்களை..." "அன்னிக்கும் பாக்கல." அவளுக்குப் புரியவில்லை. எந்த அன்னிக்கு என்று அவள் கேட்கவுமில்லை, எங்கள் வீட்டில் அந்த நாளுக்குப் பெயர் கிடையாது. "பஸ்ஸு கவுந்த அன்னிக்கு. பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் தூங்கிட்டேன்." சொல்லி முடித்ததும் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. மிச்சத்தையும் சொன்னேன், ரெண்டு டூட்டியை, டீச்சர் எழுந்து வந்து சொன்னதை, நான் உட்காரச் சொன்னதை, தனபாலை, கோணல் கையெழுத்தை, சாத்துக்குடியை. அவள் என் பக்கம் திரும்பாமல் கண்ணாடி வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். இருட்டிக்கொண்டு வந்தது, சாயங்காலம் ஆகவில்லை, மேகம்தான், தூரத்தில் உறுமியது. "ரெண்டு டூட்டி எதுக்குப்பா பாத்தீங்க?" என்றாள் கடைசியில். அவளுக்குத் தெரியும், தேதி தெரியும், அன்று ராத்திரியே மாமாவோடு சென்னைக்குப் போனவள் அவள்தானே. "என் கவுன்சலிங்குக்கு" என்று அவளே சொன்னாள். "அத உன் மேல ஏத்தாத கண்ணு. லீவு கேட்டது உனக்காக. தூங்குனது நான். பொய் சொன்னதும் நான்." கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனாள்.

பத்தடி தள்ளி எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாலும் வேறு ஒருத்தியாக வருவாள் என்று. அவள் படிப்பு, இந்த ஊர், இந்த வேலை, இந்தக் கார், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பள்ளத்தை நான் இப்போது தோண்டிவிட்டேன், இனி எதன் மேல் நின்றாலும் அவளுக்குக் கால் கூசும். சொல்லாமல் செத்திருக்கலாம். டீச்சர் சொல்லாமல்தான் செத்தார். மழைத்துளி ரெண்டு கண்ணாடியில் விழுந்தது. அவள் வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "இறங்குங்கப்பா. இனி நான் ஓட்டுறேன்." அழுதிருந்தாள். நான் இறங்கி வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் சீட்டில் உட்கார்ந்தேன். அவள் கிளப்பவில்லை. "சூசை மாமா இப்ப எங்க இருக்காரு?" சின்ன வயதில் அவளுக்குச் சைக்கிள் செயின் மாட்டிக்கொடுத்தவன் அவன். தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியும்" என்றேன். "துறையூர்ல. தம்பி வீட்டுக்குப் பின்னாடி வெல்டிங் பட்டறை வெச்சிருக்கான். ரெண்டு வருஷம் முன்ன போனேன். எதிர்த்த கடையில நின்னு பாத்துட்டு வந்துட்டேன்." "உயிரோட இருக்காரில்ல?" "இருக்கான்." "போன்ல சொல்லாதீங்கப்பா. போன்ல சொன்னா நீங்களும் அழுவீங்க, அவரும் அழுவாரு, பரவால்லண்ணேன்னு வெச்சுருவாரு. நீங்க பொய்ய எழுத்துலதானே குடுத்தீங்க?" முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து துழாவினாள், ஏதோ கேரேஜ் ரசீதுகள், கண்ணாடி துடைக்கும் துணி, அடியில் ஒரு கோடு போட்ட நோட்டு. ஒரு பக்கத்தைக் கிழித்தாள், பேனாவைத் தேடி எடுத்து என் கையில் வைத்தாள். "நம்பர் விசாரிச்சு வாங்கி, இத படம் எடுத்து அவருக்கு இன்னிக்கே அனுப்பிருவேன். ஊருக்குப் போனதும் நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. டிப்போவுக்கும் ஒண்ணு." "டீச்சர் வீட்டுக்கு?" என்றேன். நான்தான் கேட்டேனா அதை. அவள் என்னை முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "அவங்க வீட்டுக்கும்" என்றாள்.

முழங்காலில் வைத்து எழுதவேண்டியிருந்தது. மழை வலுத்துக் கூரையில் அடித்தது, கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே மலை இருக்கிறதா என்றே தெரியவில்லை. அன்புள்ள சூசைக்கு என்று எழுதி அடித்தேன், அன்பு என்று எழுத எனக்கென்ன உரிமை. சூசைராஜுக்கு என்று எழுதினேன். ஆரம்பத்தில் காரணம் எழுதலாமா, கவுன்சலிங், லீவு, தனபால் என்று ஒவ்வொன்றாக வந்து நின்றன, ஒவ்வொன்றும் நியாயமாக, கைகட்டிக்கொண்டு. ஒன்றையும் உள்ளே விடவில்லை. அன்றைக்கு நீ பார்த்துவிட்ட பிரேக் கடைசிவரை சரியாக இருந்தது. ஆயில் பைப்பில் எந்தக் குறையும் இல்லை. நான் தூங்கிவிட்டேன். விசாரணையில் பொய் சொன்னேன். உன்னிடமும் பொய் சொன்னேன். இப்படிக்கு, ந. நல்லமுத்து, டிரைவர். டிரைவர் என்பதை அடிக்கலாமா என்று பார்த்தேன், அடிக்கவில்லை. கை நேராக விழுந்திருந்தது. சுகந்தி வாங்கி இரண்டு முறை படித்தாள், அவள் உதடு அசைந்தது, மூக்கை உறிஞ்சினாள். பிறகு காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"தேதி போடுங்கப்பா."

"எந்தத் தேதி?"

"இன்னிக்குத் தேதிதான்" என்றாள்.